நம் மாவட்டத்தின் பழைய வரைபடங்கள்

வரைபடம் என்றதும் நமக்குக் கண்டங்களும் கடல்களுமே நினைவுக்கு வருகின்றன. நம் சிற்றூர்களுக்கும் வரைபடம் உண்டு. ஊர் வரலாற்றை ஆராய்வோர்க்கு அது ஓர் அரிய கருவூலம்.

1763-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி, செங்கற்பட்டுச் சீமையைக் கும்பெனியாருக்கு ஜாகீராக அளித்தார். காஞ்சிபுரமும் அதில் அடங்கும். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் அச்சீமையை ஊர் ஊராக அளந்தார். நிலம், ஏரி, வீடு, குடிகள் யாவும் கணக்கில் ஏறின. ஊர்க் கணக்கர்கள் தமிழில் எழுதிய ஓலைக் கணக்குகள் பல தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. 1802-இல் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து முக்கோண அளவையைத் தொடங்கினார். 1858-க்குப் பின் வருவாய் அளவையினர் ஒவ்வொரு கிராமத்திற்கும் புல எண்களுடன் படம் வரைந்தனர்.

இவற்றால் என்ன பயன்? வேகவதிக் கரையிலுள்ள நம் திருப்பருத்திக்குன்றத்தையே பார்ப்போம். ஜினகாஞ்சி எனப்படும் இவ்வூரின் திரைலோக்கியநாதர் கோயிலில் 1387-இல் இருகப்பர் சங்கீத மண்டபம் எழுப்பினார். மாவண்டூர்ப் பற்றிலுள்ள மகேந்திரமங்கலம் என்னும் ஊரை அவர் கோயிலுக்கு அளித்ததாகக் கல்வெட்டு கூறுகிறது. கல்வெட்டு பெயரைத் தரும். இடத்தைத் தேட வரைபடம் வேண்டும். பங்குக் கோயிலின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளில் வரும் ஊர்ப் பெயர்களுக்கும் இதுவே வழி.

ஆயினும் எச்சரிக்கை தேவை. வரி வசூலுக்காக வரையப்பட்டவை ஆதலால், வரிக்கு வேண்டாதவை விடுபட்டிருக்கலாம். ஆங்கிலேயர் காஞ்சிபுரத்தைக் ‘காஞ்சீவரம்’ என்று எழுதியதுபோல் பல பெயர்கள் திரிந்துள்ளன. மாவட்ட எல்லைகளும் மாறின. காஞ்சிபுரம் 1997-இல் தனி மாவட்டமாயிற்று. அதற்கு முந்தைய ஆவணங்களைச் செங்கற்பட்டு என்ற தலைப்பிலேயே தேட வேண்டும். 2019-இல் செங்கற்பட்டு மீண்டும் தனியே பிரிந்தது.

இது பழங்கதை மட்டுமன்று. குளம் மனையாகி, வரத்துக் கால்வாய் தெருவாகிவிட்டால், மழைநீர் வீட்டுக்குள் புகும். அங்கே முன்பு நீர்வழி இருந்தது என்பதற்குப் பழைய படமே சாட்சி.

தோழியரே! படத்தில் ஏறாத பெயர்கள் நம் பாட்டிமாரின் நாவில் இருக்கின்றன. குட்டை, தோப்பு, துறை, மேடு ஆகியவற்றின் பெயர்களை அவர்களிடம் கேட்டு, நம் தெருவின் படமொன்றை நாமே வரைந்து, அதில் குறித்து வைப்போம். அவர்கள் காலத்துக்குப் பின் கேட்பதற்கு ஆளிராது.