எல்லைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் வீடு?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறது ஸ்போகேன் நகரம். அங்கிருந்து கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் போனால் ஐடஹோ மாநிலத்தின் கோர் டலேன் வந்துவிடும். ஒரு மாநிலத்தில் குடியிருந்து இன்னொன்றில் வேலை பார்ப்பவர்கள் இங்கே உண்டு. ஆனால், நடுவில் ஓடும் எல்லைக் கோடு லேசுப்பட்டதல்ல. 2025-இல் வாஷிங்டனில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.66 டாலர், ஐடஹோவில் 7.25. கருக்கலைப்புக்கு வாஷிங்டனில் சட்டம் இடம் கொடுக்கிறது. ஐடஹோவில் ஏறக்குறைய முழுத் தடை. சம்பளத்தின் மீதான மாநில வருமான வரியில் மட்டும் கதை தலைகீழ். ஜனநாயகக் கட்சியின் பிடியில் உள்ள வாஷிங்டனில் அந்த வரி கிடையாது. குடியரசுக் கட்சியின் கோட்டையான ஐடஹோவில் உண்டு.

வீடு தேடும்போது அரசியலையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டுமா?

அமெரிக்காவில் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கலிஃபோர்னியாவில் நாடாளுமன்றத் தேர்தலில் தோற்ற பால் சாபட் டெக்சஸுக்குக் குடிபெயர்ந்தார். பழமைவாதக் குடும்பங்கள் தங்களைப் போன்றோர் வாழும் ஊர்களுக்கு மாற உதவுவதற்கென்றே 2017-இல் ஒரு வீட்டுமனை நிறுவனத்தையும் தொடங்கினார். இந்தப் போக்கைப் பத்திரிகையாளர் பில் பிஷப் 2008-இலேயே ஒரு புத்தகமாக எழுதியிருந்தார். அதிபர் தேர்தலில் ஒரு கட்சி 20 சதவீதப் புள்ளிகளோ அதற்கு மேலோ முந்திய மாவட்டங்களை அவர் எண்ணிப் பார்த்தார். 1976-இல் வாக்காளர்களில் கால்வாசிப் பேரே அத்தகைய மாவட்டங்களில் இருந்தார்கள். 2004-இல் ஏறக்குறைய பாதிப் பேர்.

இத்தனை பேரும் கட்சி பார்த்தா பெட்டி கட்டினார்கள்? இல்லை. மம்மோலோ, நால் என்ற இரு ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தன் கட்சிக்காரர்கள் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று மக்கள் நினைப்பது உண்மைதான். ஆனால் வீட்டின் விலை, பள்ளியின் தரம், பாதுகாப்பு என்று பார்க்கத் தொடங்கியதும் அந்த ஆசை பின்னுக்குப் போய்விடுகிறது. வாழ்க்கை முறையும் ஆட்களைப் பிரிக்கிறது. பியூ ஆய்வு மையம் 2014-இல் கேட்டபோது, தீவிரப் பழமைவாதிகளில் நான்கில் மூன்று பேர் தள்ளித் தள்ளிக் கட்டிய பெரிய வீடுகளை விரும்பினார்கள். தீவிரத் தாராளவாதிகளில் ஏறக்குறைய அதே விகிதத்தினர், வீடு சிறியதானாலும் கடையும் பள்ளியும் நடை தூரத்தில் இருக்க வேண்டும் என்றார்கள்.

ஆகவே இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அண்டை வீட்டுக்காரர் யாருக்கு ஓட்டுப் போடுகிறார் என்பது ஒன்று. அந்த மண்ணில் எந்தச் சட்டம் நடக்கிறது என்பது வேறு.

சட்டம் வீட்டுக்குள் வந்துவிடும். வடக்கு ஐடஹோவில் சாண்ட்பாயிண்ட் என்றொரு சிற்றூர். 2022-இல் நடைமுறைக்கு வந்த ஐடஹோ சட்டப்படி, கருக்கலைப்பு செய்யும் மருத்துவருக்கு 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. அடுத்த ஆண்டு மார்ச்சில் அவ்வூர் மருத்துவமனை பிரசவப் பிரிவையே மூடுவதாக அறிவித்தது. குழந்தை மருத்துவர் பற்றாக்குறையோடு, மாநிலத்தின் சட்ட, அரசியல் சூழலால் மருத்துவர்கள் வெளியேறுவதையும் அது காரணமாகச் சொன்னது. அதன் பிறகு சாண்ட்பாயிண்ட் பெண்கள் பிரசவத்துக்கு கோர் டலேன் வரை 70 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியதாயிற்று. இதில் கர்ப்பிணி எந்தக் கட்சி என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளை பெறும் வயதில் இருக்கும் ஒரு பெண் இதையெல்லாம் விசாரித்துவிட்டு ஊரைத் தேர்ந்தால், அதைக் கட்சிவெறி என்று சொல்வது அநியாயம்.

அண்டை வீட்டார் விஷயத்தில், தேர்தல் வரைபடத்தில் குடியரசுக் கட்சிக்குப் பூசும் சிவப்பும் ஜனநாயகக் கட்சிக்குப் பூசும் நீலமும் அதிகம் ஏமாற்றுகின்றன. 2020 தேர்தலில் குடியரசுக் கட்சியின் டிரம்புக்குச் சிவப்பு டெக்சஸில் கிடைத்ததைவிடக் கூடுதல் வாக்குகள் நீலக் கலிஃபோர்னியாவில் விழுந்தன. 60 லட்சத்துக்கும் மேல்.

ஒத்த கொள்கைக்காரர்களைத் திரட்டிக் குடியேற்றும் முயற்சியும் நடந்திருக்கிறது. அரசின் தலையீட்டை வெறுக்கும் 20,000 பேரை ஒரே சிறு மாநிலத்துக்கு அழைத்துவரும் திட்டம் 2001-இல் பிறந்து, 2003-இல் நியூ ஹாம்ப்ஷயரைத் தேர்ந்தது. வருகிறோம் என்று 2016-க்குள் 20,000 பேர் கையெழுத்திட்டார்கள், பெரும்பாலோர் வரவில்லை. வந்தவர்களின் செல்வாக்கை 2022-இல் அம்மாநிலத்தின் குரோய்டன் பார்த்தது. சுமார் 800 பேர் வாழும் ஊர். வாக்காளர்களே பட்ஜெட்டை முடிவு செய்யும் மார்ச் மாத ஊர்க்கூட்டத்துக்கு வந்தவர்கள் சிலரே. அங்கே, இந்தத் திட்டத்தைச் சேர்ந்த ஊர் நிர்வாகி ஒருவரின் தீர்மானத்தால், 17 லட்சம் டாலர் பள்ளி பட்ஜெட் 8 லட்சமாக வெட்டப்பட்டது. ஆதரவு 20, எதிர்ப்பு 14.

ஊர் திகைத்துப்போனது. அதைத் திருத்த மறுகூட்டம் வேண்டும். அது செல்லுபடியாகப் பதிவு பெற்ற வாக்காளர்களில் பாதிக்கு மேல் வந்தாக வேண்டும். குடியரசுக் கட்சிக்காரர்களும் ஜனநாயகக் கட்சிக்காரர்களும் கட்சியைச் சேராதவர்களும் சேர்ந்து ஆள் திரட்டினார்கள். மே மாதம் 379 பேர் வந்தார்கள். பழைய பட்ஜெட்டுக்கு ஆதரவாக 377 வாக்குகள், எதிராக 2.