கேட்டுக் கணக்கிடும் மாணவிக்கு டிகிரியும் ரேடியனும்

பத்தாம் வகுப்பில் ஏற்றக் கோணம் நடத்தும்போது திருவண்ணாமலை ஆசிரியர்கள் எடுத்துக்காட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரத்தின் உயரம் 217 அடி. அடிவாரத்திலிருந்து 300 அடி தள்ளி நின்றால் உச்சியின் ஏற்றக் கோணம் எவ்வளவு? பார்ப்பவரின் உயரத்தை விட்டுவிடுவோம்.

ரமணாசிரமம் பகுதியிலிருந்து வரும் பார்வையற்ற மாணவி ஒருத்தி இந்தக் கணக்கைக் கணினியில் செய்து, 0.626 என்றாள். "தவறு, மறுபடி செய்" என்றேன். மூன்று முறை செய்தாள்; மூன்று முறையும் அதே விடை. பிறகுதான் திரையைக் கவனித்தேன். கணிப்பான் ரேடியனில் இருந்தது. அவள் விடையில் பிழையே இல்லை. 0.626 ரேடியன் என்பது ஏறத்தாழ 35.88 டிகிரிதான். திரையின் மூலையில் உள்ள சிறு எழுத்து எனக்குத் தெரியும்; அவளுக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை.

அவள் பயன்படுத்துவது என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான். ஆஸ்திரேலியாவில் பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கிய இலவச மென்பொருள் இது. தமிழ்க் குரலிலும் வாசிக்கும். ஆனால் அது பெரும்பாலும் நாம் செய்யும் மாற்றத்தையே சொல்லும். ஏற்கெனவே உள்ள நிலையைத் தானாகச் சொல்லாது. ஆகவே நிலையைத் தேடுவதைவிட, கணக்கைத் தொடங்கும்போதே நாமே அமைத்துக்கொள்வது நல்லது.

விண்டோஸ் கணிப்பானில் ஆல்ட்டுடன் 2 அழுத்தினால் அறிவியல் முறை வரும். அடுத்து எஃப்3 அழுத்தினால் டிகிரி, எஃப்4 ரேடியன். சந்தேகம் இருந்தால் 45 என்று தட்டி, டேஞ்சன்ட்டுக்கான டி விசையை அழுத்தச் சொல்லுங்கள். 1 என்று கேட்டால் டிகிரி, 1.6 என்று தொடங்கினால் ரேடியன். சைனுக்கு எஸ். கொசைனுக்கு மட்டும் சி இல்லை, ஓ; இதை மாணவர்கள் முதலில் மறப்பார்கள். ஷிப்ட்டுடன் அழுத்தினால் இவற்றின் நேர்மாறு கிடைக்கும். கோபுரக் கணக்குக்கு 217, வகுத்தல் குறி, 300, என்டர், பிறகு ஷிப்ட்டுடன் டி. விடை ஒலிக்காவிட்டால் கண்ட்ரோலுடன் சி அழுத்தி நகலெடுத்து, இன்சர்ட் விசையுடன் சி அழுத்தினால் என்.வி.டி.ஏ. அதை வாசிக்கும்.

சாதாரண முறைக்கும் அறிவியல் முறைக்கும் இன்னொரு வேறுபாடு உண்டு; பார்வையுள்ளவர்களும் இதில் ஏமாறுவர். 2 + 3 × 4 என்று தட்டினால் சாதாரண முறை 20 என்கிறது. அறிவியல் முறை 14 என்கிறது. முன்னது வரிசையாகக் கணக்கிடுகிறது, பின்னது பெருக்கலை முதலில் செய்கிறது. செயலிகளின் வரிசையை நடத்தும் ஆறாம், ஏழாம் வகுப்பு ஆசிரியர்கள் இரண்டையும் வகுப்பில் கேட்க வைக்கலாம்.

அடைப்புக்குறி வேறு சிக்கல். தட்டும்போது அது ஒலிக்கும். எழுதிய கோவையைத் திரும்ப வாசிக்கச் சொன்னால், இயல்பு அமைப்பில் விட்டுப்போகலாம். இன்சர்ட்டுடன் பி அழுத்தி நிறுத்தற்குறி அளவை ஒரு படி உயர்த்திவிட்டால் அடைப்புக்குறிகளும் கேட்கும்.

பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் எண் முறைகளுக்கு நிரலர் முறை உதவும். புதிய பதிப்புகளில் ஆல்ட்டுடன் 4, பழையவற்றில் 3. எஃப்8 அழுத்தி 1101 என்று தட்டி, எஃப்6 அழுத்தினால் 13. அந்த மாணவி இதை ஒரே முறையில் செய்தாள். எனக்குத்தான் எஃப்8, எஃப்6 குழம்பியது.