காய்ச்சல் இல்லாதவனிடம் எதற்கு ரத்தம்?

"காய்ச்சல்காரன்கிட்ட எடுத்தாச் சரி. கல்லு மாதிரி இருக்கிறவன்கிட்ட எதுக்கண்ணே ரத்தம்?"

ரத்த ஆய்வுக் குழு தோட்டத்துக்கு வரும்போதெல்லாம் நம் காதில் விழும் கேள்வி இது. கேள்வியில் குற்றமில்லை. ஊசியும் கையுமாக வருகிறவர்களில் பலர் அதற்குப் பதில் சொல்லாமலே போய்விடுகிறார்கள் என்பதுதான் நமது வருத்தம். ஆகவே தெரிந்ததை நாமே சொல்லிவிடுவோம்.

கொசுவோ உண்ணியோ கடித்து வைரஸ் கிருமி உடம்பில் புகுந்தால், அதை எதிர்க்க ரத்தத்தில் ஒரு பொருள் உண்டாகிறது. கிருமி சில நாளில் போய்விடும். எதிர்ப்புப் பொருளில் ஒரு வகை சில மாதங்களில் குறைந்துவிடும். இன்னொரு வகை ஆண்டுக்கணக்கில் தங்கும். டிங்கி தொற்றியவர்களில் பெரும்பகுதியினருக்கு நோய் வந்ததே தெரியாது. தெரிந்தவர்களிலும் பலர் "ஒடம்பு வலி" என்று இரண்டு பனடோலை விழுங்கிவிட்டு மறுநாள் பெரட்டுக்குப் போனவர்கள்தாம். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இவர்கள் கணக்கு இராது. ரத்தத்தில் மட்டும் இருக்கும். அதைத்தான் தேடி வருகிறார்கள்.

இதனால் நமக்கென்ன என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். "டிங்கி பட்டணத்து நோய், தோட்டத்தில் ஏது?" என்று கைவிரிக்கும் நிர்வாகிகளை நாம் பார்த்திருக்கிறோம். 35 முதல் 74 வயது வரையிலான 1,000 மலேசியர்களின் ரத்தத்தைச் சோதித்து 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 91.6 விழுக்காட்டினருக்கு டிங்கி எதிர்ப்புப் பொருள் இருந்தது. பட்டணத்துக்கும் நாட்டுப்புறத்துக்கும் சொல்லும்படியான வேறுபாடே இல்லை! பேச்சு வார்த்தை மேசையில் இதைவிட நல்ல பதில் நம்மிடம் கிடையாது.

சிக்குன்குனியாவின் கதை இன்னும் விசேஷமானது. நம் நாட்டில் அந்நோய் முதன்முதலாகப் பரவியதாகப் பதிவானது 1998 இறுதியில், கிள்ளான் துறைமுகப் பகுதியில். ஆனால் 1960-களிலேயே, தாய்லாந்து எல்லையை ஒட்டிய வட மாநிலங்களில் பெரியவர்களின் ரத்தத்தில் அதன் தடயத்தை ஆய்வாளர்கள் கண்டிருந்தார்கள். காய்ச்சல் வந்து போயிருக்கிறது. யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. மூட்டு வீங்கி நடக்க முடியாமல் கிடந்த எத்தனை பேருக்கு 'சோம்பேறி' என்ற பெயர் கிடைத்ததோ!

2008-இல் ஜொகூரில் தொடங்கிய அலை, பத்தாயிரம் பேருக்கு மேல் பாதித்தது. இம்முறை அது நாட்டுப்புறத்தையும் விடவில்லை. கிருமியில் ஏற்பட்ட ஒரு சிறு மாற்றம், மரநிழலில் வாழும் புலிக்கொசுவுக்கு வசதியாகிவிட்டது. அந்தக் கொசுவுக்கு நம் பால்மரத்து மங்கு போதும். கேரளத்து ரப்பர்த் தோட்டங்களிலும் இதே கொசு, இதே மங்கு, இதே நோய்தான். மழையில் வெட்டு நின்றால் மங்கில் தண்ணீர் தேங்கும். ஏழெட்டு நாள் போதும், புழு கொசுவாகிப் பறந்துவிடும். மங்கைக் கவிழ்க்கவில்லை என்று தொழிலாளியைத் திட்டுவது சுலபம். அதைக் கவிழ்க்கும் நேரத்துக்குக் கூலி உண்டா? ஆள் போதாமல் போட்டுவிட்ட காட்டில் நிமிர்ந்து நிற்கும் மங்குகள் யார் கணக்கு? நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டம் 1975-லிருந்தே இருக்கிறது. அது லயத்து வாசலில் கிடக்கும் பழைய டயருக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல.

ஆனால் ரத்தம் சொல்வதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. டிங்கி, ஜப்பானிய மூளைக் காய்ச்சல், ஸீக்கா ஆகியவை ஒரே குடும்பம். 1956-இல் நம் சிலாங்கூர்க் காட்டு எலியின் உண்ணியில் கண்டெடுத்து லங்காட் என்று பெயரிட்ட கிருமியும் அதே குடும்பம்தான். ஒன்றின் எதிர்ப்புப் பொருள் மற்றொன்றின் சோதனையில் தலைகாட்டிவிடும். பங்காளிகளின் முகச்சாயல் போலத்தான். உறுதிப்படுத்த வேறு கடினமான சோதனை வேண்டும். 1998-99-இல் பன்றிப் பண்ணைகளில் பரவிய நோயை முதலில் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றே நினைத்தார்கள். நோயாளிகள் சிலரின் ரத்தத்தில் அதன் எதிர்ப்புப் பொருள் இருந்தது. கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். நோய் நிற்கவில்லை. அது நீப்பா என்ற புதிய கிருமி என்று 1999 மார்ச்சில் தெரிவதற்குள் பலர் போய்விட்டார்கள். மொத்தம் 105 உயிர்கள்.

"ரத்தத்தில எதிர்ப்பு இருக்குன்னா இனி நமக்கு டிங்கி வராதுல்ல?" என்று ஒரு தங்கச்சி கேட்டார். வரும், அம்மா. டிங்கியில் நான்கு வகை. ஒன்று வந்து போன பிறகு வேறு வகை வந்தால், சிலருக்கு முன்னைவிடக் கடுமையாகும். பிலிப்பைன்ஸில் 2016-இல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கிய ஒரு டிங்கித் தடுப்பூசியை 2017 இறுதியில் நிறுத்த வேண்டி வந்தது. முன்பு டிங்கியே காணாத பிள்ளைகளுக்கு, பின்னால் தொற்றினால் அந்த ஊசியே ஆபத்தைக் கூட்டும் என்று தெரிந்ததுதான் காரணம். அதற்கடுத்த ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம், அந்த ஊசியைப் போடுமுன் ரத்தத்தைச் சோதிப்பதே நல்லது என்றது. பழைய தொற்றைக் கணக்கெடுப்பது வெறும் ஏட்டு வேலை அல்ல என்பது இதில் தெரியும்.

எனவே ரத்தம் கொடுங்கள் என்றே நாம் சொல்கிறோம். கொடுக்குமுன் கேளுங்கள்: எந்த நோய்க்கு, எவ்வளவு ரத்தம், மிச்சத்தை என்ன செய்வீர்கள், முடிவு எப்போது வரும்? விருப்பமில்லை என்றால் மறுக்கலாம். அதற்காகப் பேர் வெட்ட எந்த மானேஜருக்கும் உரிமையில்லை. ஒப்புதல் தாள் தமிழிலும் மலாயிலும் மட்டும் இருந்தால் போதாது. இன்று நம்மோடு நிரையில் நிற்கும் வங்காளதேசத்துத் தம்பிக்கும் நேப்பாளத் தம்பிக்கும் அவரவர் பாஷையில் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். ரத்தம் கொடுத்த நேரம் வேலை நேரமாகக் கணக்கில் சேர வேண்டும். தனி ஆளின் முடிவு அவர் கைக்கு மட்டுமே. தோட்டத்தின் மொத்தக் கணக்கு பெரட்டுக் களத்தில் ஒட்டப்பட வேண்டும். நிர்வாகத்திடம் இவற்றை எழுத்தில் கேட்க விரும்பும் கிளைத் தோழர்கள், ஆய்வுக் குழு வரும் தேதி தெரிந்தவுடன் நமக்கு ஒரு வரி எழுதினால், கடிதத்தை நாமே தயாரித்து அனுப்புகிறோம்.