வாசுதேவநல்லூர்ப் பகுதிக் குளங்களும் நச்சு நீலப்பசும்பாசிப் பெருக்கத்தின் சூழலியலும்

ஆய்வுச் சுருக்கம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த வாசுதேவநல்லூர்ப் பகுதியின் வேளாண்மையும் கால்நடை வளர்ப்பும் குளங்களைச் சார்ந்தவை. இத்தகைய ஆழங்குறைந்த நன்னீர்நிலைகளில் நச்சு நீலப்பசும்பாசிகள் பெருகுவதற்கான காரணங்களையும், அவற்றின் நச்சு செயல்படும் முறையையும், வழக்கமான தீர்வுகள் தவறும் இடங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நீலப்பசும்பாசி, மைக்ரோசிஸ்டின், பாஸ்பரஸ், குளம், வண்டல், மறுகால்

முன்னுரை

தமிழில் ‘பாசி’ என்னும் சொல் நீரில் பச்சையாகத் தோன்றும் பலவற்றையும் குறிக்கிறது. படித்துறைக் கல்லில் வழுக்குவதும் பாசி. நூல்நூலாக மிதப்பதும் பாசி. குளத்து மீன்பிடி உரிமைகூட ‘மீன்பாசிக் குத்தகை’ எனப்படுகிறது. இப்பொதுப்பெயர் ஒரு முக்கிய வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. நீலப்பசும்பாசிகள் உண்மையில் பாசிகள் அல்ல. ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாக்கள். அவற்றுள் சில, மனிதரின் கல்லீரலையும் நரம்பு மண்டலத்தையும் தாக்கும் நச்சுகளை உருவாக்குகின்றன.

இவ்வுயிரிகளைப் பற்றிய வகைப்பாட்டியல் ஆய்வில் தமிழகத்திற்குச் சிறப்பிடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தி.வெ. தேசிகாச்சாரி எழுதி 1959இல் வெளிவந்த ‘சயனோபைட்டா’ உலக அளவில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் நூலாகும். வளிமண்டல நைட்ரஜனை நிலைநிறுத்தும் நீலப்பசும்பாசிகள் நெல்வயலுக்கு உயிர் உரமாகவும் பயன்படுகின்றன. வயலில் நன்மை செய்யும் இதே உயிரித்தொகுதி குளத்தில் தீமையாக மாறும் சூழலே இங்கு ஆராயத்தக்கது.

பெருக்கத்திற்கான காரணங்கள்

மலையோடைகளும் வடகிழக்குப் பருவமழையும் இப்பகுதிக் குளங்களை நிரப்புகின்றன. மேற்குளம் நிறைந்து மறுகால் பாய, அந்நீர் கீழ்க்குளத்தை அடைகிறது. நீருடன் வயல்களின் உரச்சத்து, கால்நடைக் கழிவு, ஊர்ச் சாக்கடை ஆகியவையும் சேர்ந்து இறங்குவதால், சங்கிலியின் கீழ்நிலைக் குளங்களில் பாஸ்பரஸ் மிகுதியாகத் தேங்குகிறது. மீன் வளர்ப்புக்காக இடப்படும் சாணமும் தீவனமும் இச்சுமையைக் கூட்டுகின்றன.

பிசான நெல்லுக்கு நீர் பாய்ச்சியபின், கோடையில் குளத்தின் பள்ளப் பகுதியில் மட்டும் நீர் எஞ்சுகிறது. அந்நீர் ஆழமற்றது, அசைவற்றது, வெப்பம் மிக்கது. மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பசும்பாசிகள் பல 25 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பநிலையில் விரைந்து பெருகுபவை. அவற்றின் செல்களிலுள்ள நுண்ணிய வளிப்பைகள் அவற்றை நீரின் மேற்பரப்பிற்கு உயர்த்துகின்றன. அங்கு ஒளியைத் தாமே கவர்ந்துகொண்டு, கீழுள்ள பிற பாசிகளுக்கு நிழலை மட்டும் விட்டுவைக்கின்றன. நைட்ரஜன் குறைந்தாலும் அனபீனா போன்றவை காற்றிலிருந்து அதனைப் பெற்றுக்கொள்ளும். நீர் முற்றிலும் வற்றினாலும் அவற்றின் உறங்குசெல்கள் சேற்றில் உயிர்த்திருந்து, அடுத்த நீர்வரத்தில் முளைக்கும்.

அடிச்சேற்றின் பங்கும் பெரிது. ஆக்சிஜன் உள்ளபோது சேற்றிலுள்ள இரும்பு பாஸ்பரசைப் பிணைத்து வைக்கிறது. ஆக்சிஜன் தீர்ந்ததும் அப்பிணைப்பு தளர்ந்து பாஸ்பரஸ் நீரில் கரைகிறது. சாக்கடையைத் தடுத்தபின்னும் சில ஆண்டுகள் பெருக்கம் தொடர்வதற்கு இதுவே காரணம். கொழும்பு நகரின் பேரை வாவி, கழிவுநீர் வரத்தால் மைக்ரோசிஸ்டிஸ் பெருகிய நீர்நிலைக்குத் தெற்காசியாவில் நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டாகும்.

நச்சும் அதன் விளைவும்

மைக்ரோசிஸ்டின் கல்லீரல் செல்களுக்குள் புகுந்து, புரதப் பாஸ்படேஸ் நொதிகளைத் தடுக்கிறது. அதனால் செல்லின் உட்கட்டமைப்பு சிதைந்து இரத்தக்கசிவு ஏற்படுகிறது. 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில், முறையாகச் சுத்திகரிக்கப்படாத நீர்த்தேக்க நீரைக் கொண்டு சிறுநீரகக் குருதிப் பகுப்பு பெற்ற நோயாளிகளுள் 50க்கும் மேற்பட்டோர் இந்நச்சால் இறந்தனர். குடிநீரில் மைக்ரோசிஸ்டின்-எல்ஆரின் வாழ்நாள் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது.

ஒரே இனத்திலும் நச்சு உண்டாக்கும் மரபணுக்களைக் கொண்ட வகையும், அவை அற்ற வகையும் கலந்தே வாழும். எனவே பார்வையால் நச்சைத் தீர்மானிக்க இயலாது. எனினும் நீலப்பசும்பாசியை இனங்காண எளிய வழியுண்டு. குச்சியை நீரில் விட்டு எடுத்தால் நூற்பாசி இழையாகத் தொங்கும்; நீலப்பசும்பாசியோ பச்சை வண்ணப்பூச்சுப் போலக் குச்சியில் படியும். அவ்வாறு படியும் நீரைக் கால்நடைகளுக்குக் காட்டாதிருப்பதே பாதுகாப்பானது.

வழக்கமான தீர்வுகளின் குறைகள்

கொதிக்க வைத்தால் நீர் தூய்மையாகும் என்பது பொதுநம்பிக்கை. மைக்ரோசிஸ்டின் கொதிநிலையிலும் சிதையாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் குழாய்நீர் மறுக்கப்பட்டபோது, அந்நீரைக் கொதிக்க வைக்கவும் வேண்டாம் என அறிவிக்கப்பட்டது இதனாலேயே.

மயில்துத்தம் தூவிப் பாசியைக் கொல்வதும் ஆபத்தானது. நச்சின் பெரும்பகுதி உயிருள்ள செல்லுக்குள் அடைபட்டிருக்கும். செல் உடையும்போது அது நீரில் கலக்கும். 1979இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில், நீர்த்தேக்கத்தில் மயில்துத்தம் இட்ட சில நாள்களில் குடல், கல்லீரல், சிறுநீரகப் பாதிப்புடன் 148 பேர் நோயுற்றனர். அவர்களுள் பெரும்பாலோர் சிறுவர். செல்களை உடைக்காமல் வடிகட்டி அகற்றியபின், எஞ்சிய நச்சைக் குளோரின் முதலியவற்றால் சிதைப்பதே முறையான வரிசையாகும்.

முடிவுரை

நிலையான தீர்வு பாஸ்பரஸ் வரத்தைக் குறைப்பதில் உள்ளது. இவ்வகையில் குளத்துப் பராமரிப்பு மரபு கவனத்திற்குரியது. கோடையில் வண்டலை வெட்டி வயலுக்கு அடித்தபோது, உழவர் தம் நிலத்திற்கு எருவும் குளத்திற்குக் கொள்ளளவும் தேடினர். சேற்றில் தேங்கிய பாஸ்பரசும் உறங்குசெல்களும் அதே வண்டலுடன் வெளியேறின. மறுகால் பாயும் வெள்ளமும் தேங்கிய சத்துகளை அகற்றியது. இன்று வண்டல் எடுப்பு கொள்ளளவை மட்டுமே இலக்காகக் கொண்டு திட்டமிடப்படுகிறது. சாக்கடை வரத்துக்கால் வழியே குளத்தில் சேருகிறது. ஊர்க்கழிவை வரத்துக்காலிலிருந்து பிரித்தல், மீன்பாசிக் குத்தகை விதிகளில் எரு இடுவதற்கு வரம்பு கட்டுதல், பாஸ்பரஸ் மிகுந்த மேல்வண்டலை முதலில் அகற்றுதல், கோடையில் குளத்துநீரை நுண்ணோக்கியால் ஆராய்தல் ஆகிய நான்கும் ஒருங்கே நிகழ்ந்தால், பெருக்கம் தோன்றியபின் மருந்து தேடும் நிலை தவிர்க்கப்படும்.