பரிமாறும் கை தாழ்ந்ததா?

மும்பையின் பெரிய ஓட்டல்களில் பரிமாறும் தமிழர்களிடையே இரு கட்சி உண்டு. விரல் சொடுக்கிக் கூப்பிடுபவருக்கும் சிரித்தபடி சூப் ஊற்ற வேண்டும். அவருடைய ஒருவேளைச் சாப்பாட்டு பில், நம் மாதச் சம்பளம் என்பது ஒரு கட்சி. மாதுங்கா மெஸ்ஸில் இலை போட்டவனுக்கு இங்கே டை, இங்கிலீஷ், டிப்ஸ். தங்கை கல்யாணம் நடந்ததே அதில்தான் என்பது மறு கட்சி.

சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் கூறியதை, தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. சாப்பிடுபவருக்கு அது நியாயமே. அதில் பங்கு பெற்று வந்த சர்வரின் கதி?

கல்யாணப் பந்தியில் வீட்டுக்காரரே பரிமாறுவதுதான் நமக்கு மரியாதை. ஆகவே பரிமாறுவது இழிவல்ல. முதலாளி தர வேண்டிய கூலியை விருந்தாளியின் தயவுக்கு விடுவதே இழிவு.