பேனாவை மூடி வைத்தவர், 200 கவிதையோடு திரும்பினார்!

மனப் பாரத்தை இறக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதுமா?

தொப்பம்பட்டி:-

பழனி வட்டாரத்தில் உள்ளது தொப்பம்பட்டி. காடு, தோட்டம், ஆடு, மாடு என்று பிழைக்கும் ஜனங்கள். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் பெண்கள் கட்டிப் பிடித்து ஒப்பாரி வைப்பார்கள். செத்தவரோடு வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் அந்தப் பாட்டில் வந்து விடும். அழுது முடித்தால் மனசு கொஞ்சம் லேசாகும்.

ஆனால் ஆம்பிளை என்ன செய்வான்? காதலில் தோற்றவருக்கு யார் ஒப்பாரி வைப்பது? கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் ஊருக்குப் போன பிறகு, ராத்திரியில் தூக்கம் வராமல் புரளுகிறவர் யாரிடம் சொல்வது?

"எழுதிப் பார்" என்கிறார்கள் விஷயம் தெரிந்தவர்கள். எழுதினால் ஆறுமா? கரூருக்கு அந்தப் பக்கம், நாமக்கல்லில் நடந்த ஒரு சம்பவம் இதற்குப் பதில் சொல்கிறது.

எழுத்தாளர் பெருமாள்முருகன். திருச்செங்கோட்டுப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அரசுக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக வேலை பார்த்தவர். 2010-ல் 'மாதொருபாகன்' என்ற நாவலை எழுதினார். குழந்தை இல்லாத கணவன், மனைவி. ஒருவர் மேல் ஒருவர் உயிரையே வைத்திருக்கிறார்கள். ஊர்ப் பேச்சு அவர்களை எப்படிப் பிரிக்கிறது என்பதுதான் கதை.

4 வருடம் கழித்து, 2014 டிசம்பரில் அந்த நாவலுக்கு எதிர்ப்பு கிளம்பியது. புத்தகத்தை எரித்தார்கள். கடை அடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12-ந் தேதி நாமக்கல்லில் அதிகாரிகள் சமாதானக் கூட்டம் கூட்டினார்கள். நிபந்தனை இல்லாமல் வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுத்து விட்டு வெளியே வந்தார் பெருமாள்முருகன்.

"செத்து விட்டான்!"

அதன் பிறகு அவர் வெளியிட்ட அறிவிப்பு நாட்டையே திடுக்கிட வைத்தது. எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்து விட்டான், இனி சாதாரண வாத்தியார் மட்டுமே உயிரோடு இருப்பான் என்பது அதன் சாரம்.

முதல் சில மாதங்கள் அவரால் எதுவும் எழுத முடியவில்லை. பிறகு, யாருக்கும் காட்டாமல், அச்சில் வரும் என்ற நினைப்பும் இல்லாமல் கவிதைகளை எழுத ஆரம்பித்தார். பயம், அவமானம், ஊரை விட்டுப் பிரிந்த ஏக்கம் எல்லாம் அதில் வந்து விழுந்தன.

2016 ஜூலை 5-ந் தேதி சென்னை ஐகோர்ட்டு தீர்ப்பு சொன்னது. நாமக்கல்லில் எழுதி வாங்கிய உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்றார்கள் நீதிபதிகள். எழுத்தாளர் உயிர்த்தெழட்டும், எழுதட்டும் என்றும் சொன்னார்கள். அடுத்த மாதமே 200 கவிதைகளோடு 'கோழையின் பாடல்கள்' வெளிவந்தது. தன்னைக் கோழை என்று தானே சொல்லிக் கொண்டுதான் அவர் திரும்பி வந்தார்!

அம்மாவுக்கு ஒரு புத்தகம்

2019-ல் 'தோன்றாத் துணை' வந்தது. இது காலமான தன் தாயாரைப் பற்றி அவர் எழுதியது. காட்டில் பாடுபட்டு, ஆடு மாடு மேய்த்து, மகனைப் படிக்க வைத்த தாய். கண்ணுக்குத் தெரியாமல் கூடவே இருக்கும் துணை என்று பொருள் தரும் அந்தத் தலைப்பு, அப்பர் தேவாரத்தில் வரும் சொல். இழந்தவர்களை எழுத்தில் கூடவே வைத்துக் கொள்ளலாம் என்பதற்கு இந்தப் புத்தகமே சாட்சி.

4 நாள், 15 நிமிடம்

"அவர் எழுத்தாளர், நமக்கு வருமா?" என்று கேட்கலாம். 1986-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற மனவியல் நிபுணர் 46 மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். ஒரு சாராரிடம், மனசைப் புண்படுத்திய சம்பவத்தை 4 நாள், தினம் 15 நிமிடம் எழுதச் சொன்னார். மற்றவர்கள் ஏதோ சாதாரண விஷயத்தை எழுதினார்கள்.

நடந்ததையும், அதனால் பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த 6 மாதத்தில் டாக்டரிடம் போனது குறைவு. ஆனால், எழுதி முடித்தவுடன் அவர்கள் முன்பை விடக் கலங்கித்தான் இருந்தார்கள்! ஆறுதல் பிறகுதான் வந்தது. 2006-ல் இது போன்ற 146 ஆய்வுகளை அலசியபோது, பலன் உண்டு, ஆனால் சிறிய அளவில்தான் என்று தெரிந்தது.

முறை சுலபம். பிழை பார்க்க வேண்டாம். அழகு பார்க்க வேண்டாம். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. கிழித்துப் போட்டாலும் சரி. துக்கம் நடந்த கையோடு கட்டாயப்படுத்தி எழுத வேண்டாம். எழுத எழுத தாங்க முடியவில்லை என்றால் உடனே நிறுத்தி விட வேண்டும்.

தூக்கம், சாப்பாடு கெட்டு, செத்துப் போகலாம் என்ற எண்ணம் வந்தால் நோட்டுப் புத்தகம் போதாது. 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணுக்குப் போன் செய்யலாம். 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். காசு கிடையாது. தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.