சீரிசின் மேற்பரப்பிற் பொங்கல்

பொங்கற் பண்டிகையின் பெயர் இப்பூவுலகுக்கு அப்பாலும் வழங்குகின்றது என்பதை நம் மாணவருட் பலர் அறியார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட வெளியில் ஞாயிற்றைச் சுற்றிவரும் சீரிசு என்னும் குறுங்கோளிலே, குழிகள் நிரையாக அமைந்த ஓரிடத்துக்குச் சருவதேச வானியற் சங்கம் 'பொங்கல் கற்றீனா' எனப் பெயரிட்டுள்ளது. கற்றீனா என்பது சங்கிலியைக் குறிக்கும் இலத்தீன் சொல். நாம் அதனைக் குழித்தொடர் என்போம்.

சீரிசு உரோமரின் வேளாண்மைத் தெய்வம். ஆதலின் அங்குள்ள வட்டப் பெருங்குழிகளுக்கு வேளாண்மைத் தெய்வங்களின் பெயர்களையும், மலை முதலிய ஏனையவற்றுக்கு உழவர் விழாக்களின் பெயர்களையும் இடுதல் மரபாயிற்று. ஏறத்தாழ 4 கிலோமீற்றர் உயர்ந்து தனித்து நிற்கும் ஒரு மலைக்கு, வடகிழக்கிந்தியாவிற் சுமி நாகர் கொண்டாடும் அகுனா விழாவின் பெயர் வாய்த்தது. நமது பீதுருதாலகாலையின் உயரம் 2,524 மீற்றர் என்பதை ஒப்புநோக்குக. 170 கிலோமீற்றர் அகன்ற குழியொன்றின் பெயர் உர்வரா. வடமொழியில் அது விளைநிலத்தைக் குறிக்கும் சொல்.

நெல் விளைத்து வாழும் மட்டக்களப்பு மக்கள் மகிழத்தக்க செய்தியே இது. ஆயினும் பெயரைக் கேட்டு மகிழ்ந்து அவ்வளவில் நின்றுவிடுதல் நன்றன்று. எவரும் கால்வைக்காத நிலத்தில் இது குழி, இது மலை என எங்ஙனம் துணிந்தனர்? கேட்கத்தக்க வினா அதுவே. தமிழாசிரியனுக்கு வானூல் எதற்கு என நகைப்பார் உளராயின், காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கு கற்றவர் என்பதை அன்னோர் நினைவுகூர்க.

இத்தாலி நாட்டுப் பியாசி என்பார் 1801 சனவரி 1ஆந் திகதி சீரிசைக் கண்டறிந்தார். அதன் குறுக்களவு ஏறத்தாழ 940 கிலோமீற்றர். இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக அது தொலைநோக்கியில் ஓர் ஒளிப்புள்ளியாகவோ மங்கிய வட்டமாகவோதான் தோன்றிற்று. 2007இல் அமெரிக்க நாசா நிறுவனம் ஏவிய 'டோன்' விண்கலம் 2015 மார்ச்சு 6ஆந் திகதி அதனை அடைந்து சுற்றத் தொடங்கியது. செருமனியில் ஆக்கிய கமராக்களை அது தாங்கியிருந்தது. 385 கிலோமீற்றர் உயரத்திலிருந்து எடுத்த படங்களில் ஒரு புள்ளி ஏறத்தாழ 35 மீற்றர் நிலத்தைக் குறிக்கும்.

படம் தருவது ஒளியும் நிழலுமே. ஞாயிற்றின் திசையை அறியாதவன் கண்ணுக்குக் குழி குன்றாகவும் குன்று குழியாகவும் மாறித் தோன்றும். நம் முன்னோர் வாவியின் இரு மருங்கையும் எழுவான்கரை, படுவான்கரை எனப் பகுத்தது ஞாயிற்றைக் கொண்டன்றோ? அவ்வாறே இங்கும் எழுதிசை தெளிதல் வேண்டும். கிழக்கிலிருந்து ஒளி விழுங்கால், குழியாயின் அதன் கிழக்குச் சுவரின் உட்புறம் இருண்டும் மேற்குச் சுவரின் உட்புறம் ஒளிர்ந்தும் இருக்கும். குன்றாயின் கிழக்குச் சரிவு ஒளிரும், மேற்குச் சரிவு இருளும். நிழலின் நீளம் உயரத்தையும் உரைக்கும். ஞாயிறு அடிவானிலிருந்து 45 பாகையில் நிற்கும்போது பொருளின் உயரமும் நிழலும் ஒத்திருக்கும். தாழத் தாழ நிழல் நீளும். கல்லூரி வளவிலுள்ள தென்னையைக் கொண்டே மாணவர் இதனை அளந்து பார்க்கலாம். ஒரே இடத்தை இருவேறு கோணங்களிற் படம்பிடித்து ஒப்பிட்டும் மேடுபள்ளங்களைக் கணித்தனர்.

குழித்தொடர்கள் இருவகையில் உண்டாகும். பெருமோதல் ஒன்றிற் சிதறிய கற்கள் வரிசையாக வீழ்ந்து குடைந்தவை ஒருவகை. அவற்றிற்கு உயர்ந்த விளிம்பு அமையும். நிலம் பிளந்தவிடத்து மேலுள்ள புழுதி உள்ளே சரிய உண்டானவை மற்றொருவகை. அவற்றிற்கு அத்தகைய விளிம்பு இல்லை. கோடையில் வெடித்த வயலிற் பிளவுவழியே மண் சொரிவதைக் கண்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

எனினும் கண்ணை மட்டும் நம்புதல் ஆகாது. ஒக்கேற்றர் என்னும் குழியினுள்ளே பளிச்சிட்ட வெண்திட்டுக்கள் 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உலகையே வியப்பில் ஆழ்த்தின. பனிக்கட்டி என்றனர் சிலர். வேறு பலவும் ஊகித்தனர். அவற்றினின்று மீளும் ஒளியை நிறம் நிறமாகப் பகுத்து ஆராய்ந்தபோது, அங்கு மிக்கிருப்பது சோடியங்காபனேற்று, அதாவது சலவைக்குப் பயன்படும் காரம், என்பது 2016இல் வெளியாயிற்று. உள்ளிருந்து கசிந்த உப்புநீரில் நீர் அகல உப்பு எஞ்சிற்று என்பர். உவர்நீர் வற்றிய கரையில் வெண்படலம் படிதலை வாவிக்கரையார் அறிவர். பின்னர், 2018இல், விண்கலம் நிலத்துக்கு 35 கிலோமீற்றர் அளவில் தாழ்ந்து சென்று எடுத்த படங்களும் அளவைகளும் ஆழத்தில் இன்னும் உப்புநீர் உண்டு என்னும் கருத்தை வலியுறுத்தின.

அவ்வாண்டின் இறுதியில் எரிபொருள் தீர்ந்து விண்கலத்தின் குரல் ஓய்ந்தது. அஃது இன்றும் சீரிசைச் சுற்றி வருகின்றது. அது அனுப்பிய படங்களை நாசா நிறுவனம் எவரும் விலையின்றிப் பெறுமாறு இணையத்தில் வைத்துள்ளது. பொங்கற் குழித்தொடரும் அவற்றுள் உண்டு. மாணவர் அப்படத்தை எடுத்து, ஞாயிறு எப்பக்கத்தது என முதலிற் கண்டு, பின்னர் அக்குழிகளுக்கு விளிம்பு உண்டா இல்லையா எனத் தாமே நோக்குவாராக.